கறுப்பு ராணியைக் கடத்தியது யார்?

அத்தியாயம் 6

“திருடன் சாதாரண ஆள் இல்ல மேடம். கொழுப்பெடுத்தவன். ராணியைத் தூக்கிட்டுப் போனது போதாதுன்னு, அவ இருந்த இடத்துல எலியை நட்டு வச்சுட்டுப் போயிருக்கான்” என்றான் டென்சில்.

ஆவரில் பாஸ்கோவின் கண்ணெல்லாம் தரையில்தான் இருந்தது. ஓக் மரத்தடியில், போன வருஷத்துச் சருகின் மேல் மண்டியிட்டு, மூக்கு மண்ணில் படுகிற மாதிரி குனிந்திருந்தாள். தன் வீட்டைத் தானே கொளுத்திவிட்டு இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வந்து அழுகிறவர்களைக் கண்டுபிடித்துக் கொடுப்பதுதான் அந்தக் காலத்தில் அவள் உத்தியோகம். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. இங்கிலாந்தின் தென்மேற்கு முனையிலிருக்கிற கார்ன்வாலில் எந்த மூலையில் எது காணாமல் போனாலும் அவளுக்குத்தான் ஆள் வரும். டென்சில் அவளுடைய உதவியாளன், வேன் ஓட்டுநர், வாய் ஓயாத வானொலிப் பெட்டி.

இந்த வழக்கில் அவனுக்கு இன்னொரு பதவியும் இருந்தது. அவன்தான் மாப்பிள்ளைத் தோழன். நாளைக் காலை நான்ஸ்மோர் தேவாலயத்தில் அவனுடைய சிநேகிதன் ஜோரிக்கும் கெரன்சாவுக்கும் கல்யாணம். கோட்டுக்கு இஸ்திரி போட்டாயிற்று. மோதிரம் பத்திரமாக இருக்கிறது. விருந்தில் பேச வேண்டியதைக் கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்து, தானே சிரித்தும் ஆயிற்று. இப்போது கல்யாணமே நடக்குமா என்று தெரியவில்லை. எல்லாம் ஒரு செடியால் வந்த வினை.

செடி என்றால் பெண்ணின் அப்பா ஆம்ப்ரோஸ் டிரகியருக்குக் கோபம் வரும். ராணி என்று சொல்ல வேண்டும். மரநிழலில் மட்டும் வளர்கிற நாகப்பூ அது. வசந்தத்தில் கிழங்கிலிருந்து கிளம்பி, படம் எடுத்த நாகமாக நிற்கும். வெளியே கறுப்பு, உள்ளே பால் வெள்ளை. இலையுதிர் காலம் வந்தால் தண்டு, இலை எல்லாம் போய் மண்ணுக்குள் தூங்கிவிடும். மேலே ஓர் அடையாளமும் இருக்காது. இந்த வட்டாரத்தில் ஆம்ப்ரோஸின் காட்டுத் தோட்டத்தில் மட்டும்தான் அது உண்டு. போன வருஷம் கொத்தாகச் சிவப்புப் பழம் பழுத்து, ஊர்க் கண்காட்சியில் முதல் பரிசும் வாங்கியது.

“கல்யாண அலைச்சல்ல ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரவே இல்ல, தங்கம்” என்றார் ஆம்ப்ரோஸ். “நேத்து கூடாரம் போடறதைப் பத்திப் பேச சம்பந்தி வீட்டுக்குப் போனேன். அந்த ஹெட்லி தோட்டத்துல நிக்கறா என் கறுப்பி. வயிறு எரிஞ்சுது. ஓடி வந்து இங்க பார்த்தா, ராணியோட லேபிள் மட்டும் நிக்குது. கீழ எலிவால்.”

ஆவரிலைத் தங்கம் என்றதற்கு யாரும் வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ளக் கூடாது. கார்ன்வாலில் கடைக்காரியும் தங்கம்தான், வரி கேட்டு வருகிறவனும் ராசாதான்.

எலிவால் என்பது நிழல் தோட்டக்காரர்கள் எல்லாரிடமும் இருக்கிற செடி. தரையோடு தரையாக இலைப்பாய் விரித்திருக்கும். இலையை விலக்கினால் அடியில் பழுப்பும் வெள்ளையுமாகப் பூக்கள், ஒவ்வொன்றிலும் நீளமாக ஒரு வால். ஒரு கூட்டம் எலி தலைகீழாகக் குதித்து ஒளிந்துகொண்ட மாதிரி இருக்கும். கேட்டாலும் பரவும், கேட்காவிட்டாலும் பரவும். ராணியைப் போல இதுவும் இலையுதிர் காலத்தில் தரைக்கு மேல் தெரியாது.

கெரன்சா தட்டில் தேநீரும் ஸ்கோன் ரொட்டியும் கொண்டு வந்து வைத்தாள். கண் வீங்கியிருந்தது.

“அப்பா என் கையைப் பிடிச்சு சர்ச்சுக்குள்ள கூட்டிட்டுப் போக மாட்டாராம். திருடன் வீட்டுக்குப் பொண்ணு குடுக்க முடியாதாம். ஜோரி அப்பா, இவர் மன்னிப்புக் கேக்காம சர்ச் வாசலை மிதிக்க மாட்டாராம். அம்மாதான் இல்ல. அப்பாவும் இல்லாம நான் தனியா நடந்து போகணுமா, டென்சில்? மாட்டேன்.”

டென்சில் தட்டைத் தன் பக்கம் இழுத்தான். அவள் வைத்த ரொட்டியை எடுத்து ஜாம் தடவி, அதன் மேல் கிரீமை வைத்தான்.

“மேடம், கிரீமை முதல்ல தடவிட்டு ஜாமை மேல வைக்கிற பக்கத்து டெவன் ஜில்லாக்காரன் எவனாவது இந்தப் பக்கம் வந்தானான்னு விசாரிப்போம். அவங்கதான் எதையும் தலைகீழா செய்யறவங்க.”

“சாப்பிடு” என்றாள் ஆவரில்.

சருகைக் கிளறிக்கொண்டிருந்த கரும்பறவை ஒன்று, வழியில் நின்ற வெள்ளை லேபிளை மஞ்சள் மூக்கால் பிடுங்கித் தூர எறிந்துவிட்டு, அதனடியில் இருந்த புழுவை விழுங்கியது. ஆம்ப்ரோஸ் அதை விரட்டினார். கீழே கிடந்த லேபிளை எடுத்தார், அங்கேயும் இங்கேயும் பார்த்தார், ஓர் இடத்தில் குத்தி வைத்தார்.

“இலை உதிர்ற காலத்துல எனக்கு இதே வேலைதான், தங்கம். மேல ஒண்ணும் தெரியாது. லேபிளை நம்பித்தான் என் பிழைப்பு.”

ஆவரில் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். “உங்க எலிவால் முன்னாடி எங்க இருந்தது?”

அவர் காட்டினார். ஒரு பெஞ்சு நீளம் தள்ளி, எலிவால் என்று எழுதிய லேபிள் நின்றது. அங்கே ஒரு வாலும் இல்லை. ராணியைப் போலவே வசந்தத்தில் மட்டும் மேலே வருகிற அனிமோன் என்ற சின்னக் காட்டுப்பூ, கம்பளம் விரித்ததுபோலப் பூத்துக் கிடந்தது. மற்ற காடுகளில் அது வெள்ளையாக, ஒற்றையாக இருக்கும். இங்கே பச்சையும் வெள்ளையுமாக அடுக்கு அடுக்காக இருந்தது.

“இந்தப் பச்சை அடுக்கு என் மனைவி கண்டெடுத்தது. இந்தக் காட்டுல மட்டும்தான் இருக்கு. ஒருத்தருக்கும் ஒரு கிள்ளு குடுத்ததில்ல. பார்த்தீங்களா, திருடன் இங்கேர்ந்து எலிவாலைப் பேத்து, ராணி இருந்த இடத்துல நட்டிருக்கான். என்னைக் கேலி பண்றான்.”

பூக்கம்பளத்தின் நடுவே வட்டமாக ஒரு வழுக்கை இருந்தது. ஆவரில் கையை நீட்டினாள். “டென்சில், தொப்பி.”

தொப்பியை வாங்கி வழுக்கையின் மேல் கவிழ்த்தாள். அளவெடுத்துத் தைத்ததுபோலப் பொருந்தியது.

“என் தலையும் அப்படித்தான் ஆகப்போகுதுன்னு சொல்றீங்களா?”

“வழுக்கையில பாசி பிடிச்சிருக்கு பாரு. இது குளிர்காலத்துக்கு முன்னாடி வெட்டின மண்ணு. இப்ப இங்க வா.” ராணியின் லேபிளுக்கு அடியிலிருந்த எலிவால் பாயின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினாள். வேர்கள் சடை பின்னியதுபோலப் பிணைந்திருந்தன. இடையிடையே பழைய சருகும், காலி நத்தைக் கூடும். “இது நேத்து நட்டதும் இல்ல, போன மாசம் நட்டதும் இல்ல. வருஷக்கணக்கா இங்கேயே குடித்தனம் பண்றது.”

“அப்படின்னா?” என்றார் ஆம்ப்ரோஸ்.

“அப்படின்னா வேனை எடு, டென்சில்.”

பள்ளத்தாக்கின் எதிர்ச் சரிவில் ஹெட்லி நான்காரோவின் வீடு. ஹெட்லி ஆஜானுபாகுவான ஆள். ஆம்ப்ரோஸோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அன்றிலிருந்து இன்று வரை இரண்டு பேருக்கும் போட்டிதான். அவர் மரத்தடியிலும் நிழல் செடிகளாகவே இருந்தன. நடுவில், ஃபெர்ன்களுக்கு இடையே, கறுப்பு நாகம் படம் எடுத்து நின்றது. டென்சில் தன்னையறியாமல் ஓரடி பின்வாங்கினான்.

“பார்த்துக்கோங்க, தங்கம். தொடாதீங்க” என்றார் ஹெட்லி. “எப்படி வந்ததுன்னு மட்டும் கேக்காதீங்க. அதைச் சொல்ல வேண்டியவன் நான் இல்ல.”

“பொண்ணு அழுதுகிட்டு இருக்கா சார்” என்றான் டென்சில்.

“எனக்கு மட்டும் சிரிப்பா வருது? ஜோரி காலையிலிருந்து என்கூடப் பேசல. அந்த ஆம்ப்ரோஸ் என்னைத் திருடன்னு சொல்லிட்டான்டா, ராசா, ஊர் கேக்கச் சொல்லிட்டான்.”

பேச்சை மாற்றலாம் என்று டென்சில் பக்கத்திலிருந்த ஒரு செடியைக் காட்டி, இலையெல்லாம் புள்ளி புள்ளியாக அழகாக இருக்கிறதே என்றான். அவ்வளவுதான். ஹெட்லிக்கு முகம் மலர்ந்துவிட்டது. அது தேரை லில்லி, எல்லாப் பூவும் ஓய்ந்த பிறகு நிழலில் தனியாகப் பூக்கும், பூவிலும் தேரை முதுகுபோலப் புள்ளி இருக்கும் என்று வேகமாகச் சொல்லிக்கொண்டே, மண்வெட்டியால் ஒரு கட்டி வெட்டி, பழைய செய்தித்தாளில் சுற்றி அவன் கையில் வைத்தார்.

“ரொம்ப நன்றி சார்” என்றான் டென்சில்.

ஹெட்லி வெடுக்கென்று அதைத் திரும்பப் பிடுங்கினார்.

“போச்சு. கெடுத்தியே காரியத்தை. குடுத்த செடிக்கு நன்றி சொன்னா அது வேர் பிடிக்குமா? உங்க வீட்டுல ஒண்ணுமே சொல்லித் தரலையா?”

“எங்க வீடு மீன் வறுவல் கடைக்கு மேல மாடியில, சார். எங்ககிட்ட இருந்தது பிளாஸ்டிக் ரோஜா. அதுக்கு யார் என்ன சொன்னாலும் ஒண்ணும் ஆகல.”

ஹெட்லி தலையில் அடித்துக்கொண்டு, வேறொரு கட்டி வெட்டினார். “வாயை மூடிக்கிட்டு வாங்கு.”

டென்சில் உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டு வாங்கினான். அவன் வாழ்க்கையிலேயே அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது அதுதான் முதல் தடவை. ஆவரில் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டாள்.

ஹெட்லி தேநீர் போட உள்ளே போனதும், அவள் நாகப்பூவைக் காட்டினாள். “குனிஞ்சு பாரு. குழலோட அடியில, விளிம்பு சேர்ற இடத்துல சந்து இருக்கா?”

“இருக்கு. ஒரு கொசு சௌகரியமா வெளிய வரலாம்.”

“அதுக்குத்தான் அந்தச் சந்து. கொசு உள்ள விழும், மகரந்தத்தைப் பூசிக்கிட்டு அந்த வழியா வெளிய வரும், அடுத்த பூவுக்குப் போகும். இது ஆண் பூ. பெண் பூவுல வாசலே கிடையாது. உள்ள போன கொசு உள்ளேயேதான்.”

“இதை ஜோரிகிட்ட நாளைக்குக் கல்யாணம் முடிஞ்சப்புறம் சொல்றேன்” என்றவன், சட்டென்று நிமிர்ந்தான். “மேடம், ஆம்ப்ரோஸோடது ராணி. போன வருஷம் பழம் பழுத்தவ. இது ராஜா. அப்ப இது அது இல்ல. ஹெட்லி திருடல. கல்யாணம் உண்டு.”

அவன் போனை எடுத்து கெரன்சாவைக் கூப்பிடப் போனான்.

“போனை உள்ள வை. தொப்பியைக் குடு.”

நாகப்பூவின் தண்டைச் சுற்றி, இலைக்கடியில், சின்னப் பூக்கள் வளையமாக நின்றன. அவள் தொப்பியைப் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். வளையமும் தொப்பியும் ஒரே அளவு. பூக்கள் பச்சையும் வெள்ளையுமாக, அடுக்கு அடுக்காக இருந்தன.

டென்சில் போனைப் பைக்குள் போட்டான். “அது ஆம்ப்ரோஸ் காட்டுல மட்டும்தானே இருக்கு?”

“ஆமாம். இதுதான் ராணி. இந்தச் சாதி அப்படி. கிழங்கு பெருத்துத் தெம்பா இருக்கும்போது பெண். நிறையக் காய்ச்சுக் களைச்சுப் போனாலோ, இடம் மாத்தி நட்டாலோ, அடுத்த வருஷம் ஆண். தேறி வந்தா மறுபடி பெண்.”

“இதுங்க வீட்டுல கல்யாணப் பத்திரிகையே அடிக்க முடியாது போலிருக்கே.” சொல்லிவிட்டு டென்சில் தொப்பியையும் பூவளையத்தையும் மாறி மாறிப் பார்த்தான். வழுக்கையும் இங்கே இருக்கிற கட்டியும் பொருந்திவிட்டன. அப்படியானால் ஹெட்லி திருடன்தான். கெரன்சாவிடம் இதை எந்த வாயால் சொல்வது?

“எல்லாரையும் இங்க வரச் சொல்லு” என்றாள் ஆவரில்.

வந்தார்கள். ஆம்ப்ரோஸ் வேலிக்கு அந்தப் பக்கமே நின்றார். கெரன்சாதான் அவர் முழங்கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்தாள். ஜோரி அவன் அப்பாவைப் பார்க்காமல் ஃபெர்ன்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இது ஆம்ப்ரோஸோட ராணிதான்” என்று ஆரம்பித்தாள் ஆவரில். “சந்தேகமே இல்ல.”

“கேட்டியா?” என்றார் ஆம்ப்ரோஸ்.

“இன்னும் முடிக்கல. திருடன் அவசரத்துல வருவான். கிழங்கை மட்டும் உருவிட்டு ஓடுவான். பக்கத்துல தூங்கற பூவோட சேர்த்து, மண்ணு அலுங்காம, கட்டியா வெட்டி எடுக்க அவனுக்குப் பொறுமை ஏது? அப்படி வெட்டறவன் எடுக்கறவன் இல்ல, குடுக்கறவன்.” அவள் ஹெட்லி பக்கம் திரும்பினாள். “நீங்க ஒண்ணும் விளக்கம் சொல்ல வேண்டாம். ஆம்ப்ரோஸைப் பார்த்து, ‘செடிக்கு நன்றி’ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நாங்க போய்ட்டு வர்றோம்.”

ஹெட்லியின் முகம் செக்கச் சிவந்தது. நாகப்பூவுக்கும் அவர்களுக்கும் நடுவே போய் நின்று, இரண்டு கையாலும் அதை மறைத்தார்.

“சொல்ல மாட்டேன். அதுவும் பூத்திருக்கிற நேரத்துல, அது முன்னாடியே. செத்துப் போயிடும்.”

டென்சிலுக்கு அப்போதுதான் உறைத்தது. “நன்றி சொன்னா சாகறது குடுத்த செடிதானே. திருடின செடிக்கு எவன் நன்றி சொல்வான்?”

ஆம்ப்ரோஸ் வாய் பிளந்தார். “நான் எப்படா உனக்கு ராணியைக் குடுத்தேன்?”

“போன இலையுதிர் காலத்துல, இதுங்க நிச்சயதார்த்தம் முடிஞ்ச மறுநாள். பேப்பர்ல சுத்திக் கொண்டு வந்து, மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு, ‘வச்சுக்கோ, பெரிசா ஒண்ணும் இல்ல’ன்னு குடுத்தியே. நானும் வாயைத் திறக்காம வாங்கி நட்டேன். இந்த மாசம் அது எழுந்து நின்னதைப் பார்த்து நான் அழுதேன்டா. உயிரா வச்சிருந்ததைக் குடுத்திருக்கானே, இவனைப் போய் இத்தனை நாள் கருமின்னு சொன்னோமேன்னு. அப்புறம் நீயே வந்து திருடன்னு கத்தினே. குடுத்தவன் வாயாலேயே வரட்டும்னு இருந்துட்டேன்.”

ஆம்ப்ரோஸின் காது இரண்டும் சிவந்தன. காலணி நுனியால் சருகைக் கிளறினார்.

“அது எலிவால்னு நினைச்சுக் குடுத்தேன்” என்றார் மெல்ல.

“அப்பா” என்றாள் கெரன்சா. “சம்பந்திக்கு எலிவாலா?”

“அதுதான் சும்மா பரவிக் கெடந்தது. சொல்லிக்கிற மாதிரியா இருந்தது? அதான் வெளியில சொல்லவே இல்ல.”

“கரும்பறவை லேபிளைப் பிடுங்கிப் போடும். இவர் குத்துமதிப்பா நட்டு வைப்பார்” என்றாள் ஆவரில். “எலிவாலோட லேபிள் ராணிக்குப் போச்சு, ராணியோடது எலிவாலுக்கு வந்தது. இருட்டற நேரத்துல, லேபிளை நம்பி, தன் ராணியைத் தானே வெட்டிக் குடுத்துட்டார்.”

“குற்றவாளியோட அடையாளம்: கறுப்புக் கோட்டு, மஞ்சள் மூக்கு, பிடிச்ச சாப்பாடு புழு” என்றான் டென்சில். “உடந்தை, பொண்ணோட அப்பா.”

ஜோரி சிரித்துவிட்டான். கெரன்சாவும் சிரித்தாள். ஹெட்லி மட்டும் சிரிக்கவில்லை. கொட்டகைக்குப் போய் மண்வெட்டியைக் கொண்டு வந்து, ஆம்ப்ரோஸின் கையில் திணித்தார்.

“எடுத்துட்டுப் போ. மனசார குடுக்காதது எனக்கு வேண்டாம். எலிவால்தான் எனக்கு யோக்கியதைன்னு நினைச்சிருக்கே.”

சிரிப்பு அடங்கிப் போயிற்று. கெரன்சா அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்டுபிடித்ததெல்லாம் வீணா, இந்தக் கல்யாணம் ராணியால் கெடாமல் எலிவாலால் கெடப்போகிறதா என்று டென்சில் பயந்தான்.

ஆம்ப்ரோஸ் மண்வெட்டியோடு பூவின் அருகே போனார். குனிந்து, தன் மனைவியின் பச்சை அனிமோனை விரலால் தொட்டார். படம் எடுத்த கறுப்பை ஒருமுறை அடியிலிருந்து நுனிவரை பார்த்தார். பிறகு மண்வெட்டியை மரத்தில் சாத்திவிட்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“அன்னிக்கு நான் குடுத்தது எலிவால். இன்னிக்குக் குடுக்கறது ராணி. வச்சுக்கோ. பெரிசா ஒண்ணும் இல்ல.”

ஹெட்லி வாயைத் திறந்தார். உடனே மூடிக்கொண்டார்.

மறுநாள் காலை, கெரன்சா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் தேவாலயத்துக்குள் நடந்தாள். விருந்தில் ஆம்ப்ரோஸ் எழுந்து, என்னிடம் இருந்ததிலேயே உயர்ந்ததை நான்காரோ வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன் என்று சொல்ல ஆரம்பித்து, முடிக்க முடியாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டென்சில் பேசினான். கேக்குக்கும், இசைக்குழுவுக்கும், பாதிரியாருக்கும், மழை பெய்யாததற்கும் நன்றி சொன்னான். பேச்சுத் தாளில் பெண்ணின் அப்பாவுக்கு நன்றி என்று இருந்த வரியை மட்டும் ஆவரில் முன்பே அடித்துவிட்டிருந்தாள்.

பிறகு ஹெட்லி எழுந்தார். கூடாரம் முழுக்கக் காத்திருந்தது. பெண் கொடுத்தவருக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்வார் என்று லண்டனிலிருந்து வந்தவர்களெல்லாம் கோப்பையைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். அவர் ஆம்ப்ரோஸைப் பார்த்தார், கெரன்சாவைப் பார்த்தார், கண்ணில் தண்ணீர் வழிந்தது. உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்துவிட்டார்.

லண்டன் மேஜையில் ஒரு பெண்மணி, “ஒரு நன்றி கூடச் சொல்லலையே” என்று முணுமுணுத்தாள்.

கெரன்சா மேஜைக்கடியில் மாமனாரின் மண்வெட்டிக் காய்ப்புப் பிடித்த கையைத் தேடிப் பிடித்தாள்.

“கவலைப்படாதீங்க மாமா” என்றாள். “வேர் பிடிச்சிடும்.”